நடு அறைக்கு வெளிச்சம்: முற்றமா, கண்ணாடியா, புகைக்கூண்டா?

எங்கள் வீடு மதுரையில் ஒரு பழைய தெருவில் இருக்கிறது. அகலம் 16 அடி, நீளம் 54 அடி. கிழக்கே தெரு, மேற்கே கொல்லை. வடக்கிலும் தெற்கிலும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டியே நிற்கின்றன. முன்னறை பளிச்சென்று இருக்கும், பின்னால் அடுப்படியும் பரவாயில்லை. நடுவில் இருக்கும் 14க்கு 12 அறைதான் பிரச்சினை. பகல் 11 மணிக்குக்கூட விளக்குப் போட்டால்தான் அம்மாவால் அங்கே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்க முடியும்.

அந்த இடம் முன்பு இருட்டாக இருந்ததில்லை, ஏனென்றால் அது அறையாகவே இருந்ததில்லை. முற்றமும் அதைச் சுற்றித் தாழ்வாரமும் இருந்தன. 1994இல் அக்கா கல்யாணத்துக்கு முன்னால் அப்பா முற்றத்தைக் கான்கிரீட் தளம் போட்டு மூடினார். மழைத்தண்ணீர், பூனை, திருட்டுப் பயம், வீட்டில் ஆள் கூடியது என்று அவருக்குக் காரணங்கள் இருந்தன. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான்.

இப்போது வீட்டைப் புதுப்பிக்கிறோம். நடு அறைக்கு வெளிச்சம் கொண்டுவர என்னென்ன வழி இருக்கிறது, எது நமக்கு ஒத்துவரும் என்று சில மாதங்களாக அலசியதைத்தான் எழுதுகிறேன். இதே மாதிரி ஒட்டுச்சுவர் வீட்டில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

முதலில் ஒரு கணக்கு. இயற்கை வெளிச்சம் வந்தால் கரன்ட் பில் குறையும் என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைத் தினம் 10 மணி நேரம் எரித்தால் வருடத்துக்கு 33 யூனிட் ஆகும். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்வரை இழுக்கும். அப்படியானால் ஏசி 22 மணி நேரம் கூடுதலாக ஓடினால் போதும், ஒரு வருடம் முழுக்கப் பல்பை அணைத்துவைத்த லாபம் போய்விடும். கூரையில் கண்ணாடி வைத்துவிட்டு, அந்தச் சூட்டுக்காகக் கோடையில் ஒரு மாதம் தினம் ஒரு மணி நேரம் ஏசியைக் கூடுதலாகப் போட்டால் நஷ்டம்தான். இதில் கண்ணாடி, இரும்பு, சிமென்ட் தயாரிக்கப் போன எரிபொருளைச் சேர்க்கவே இல்லை.

அதனால் பில்லுக்காக இதைச் செய்யாதீர்கள். பகலில் பகல் மாதிரி இருக்கும் அறைக்காகச் செய்யலாம். அதற்குப் போடும் செலவும் பொருளும் குறைவாக இருக்கட்டும், சூடு ஏறாமல் இருக்கட்டும். சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வீடு என்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இவ்வளவுதான்.

தமிழில் வெளிச்சம் வேறு, வெயில் வேறு. குளிர் நாட்டு வீட்டு அலங்காரப் படங்களில் சோபாமேல் வெயில் விழுந்து கிடக்கும், அது அவர்களுக்கு வரம். அந்தப் படத்தைப் பார்த்து நம் ஊரில் கண்ணாடி வைப்பவர்கள் மார்ச் மாதமே அந்தக் கண்ணாடிக்குத் திரை தைக்கக் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். இரண்டையும் எந்த வழி நன்றாகப் பிரித்துக் கொடுக்கிறது என்பதுதான் கேள்வியே.

சூரியன் எங்கே போகிறது

மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் வாக்கில், நம் கடிகாரத்தில் பன்னிரண்டேகால் மணிக்குச் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஒருமுறை அப்படி நிற்கும். இடைப்பட்ட நாலரை மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஆனால் அதிகம் சாய்வதில்லை. ஜூன் 21இல்கூட 76 பாகைக்கு மேலே, ஏறக்குறைய தலைக்குமேல்தான் இருக்கும். டிசம்பரில் தெற்கே போய் 57 பாகைக்கு இறங்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. நம் ஊரில் வீட்டின் மற்ற எந்தப் பக்கத்தைவிடவும் அதிக வெயில் வாங்குவது கூரைதான். அங்கே படுக்கையாகக் கண்ணாடி வைப்பதுதான் வெயிலை உள்ளே அழைக்க மிகச் சுலபமான வழி. வடக்குப் பார்த்த நிமிர்ந்த கண்ணாடியோ சின்ன சன்ஷேடு இருந்தாலே தப்பித்துவிடும்.

இன்னொரு எண்ணும் தேவை. நல்ல வெயிலில் ஒரு சதுர அடியில் விழும் வெளிச்சம், 9 வாட் எல்.இ.டி. பல்பு பத்துக்குச் சமம். எங்கள் 168 சதுர அடி அறை வசதியாக வெளிச்சமாக இருக்க அதுவே போதும். மேகம் போட்ட நாளையும் சேர்த்து யோசித்தால் இரண்டு சதுர அடி. ஆனால் 'ஸ்கைலைட்' என்று கேட்டுப் போனால் 3க்கு 3 அடிக்குக் குறைந்து யாரும் பேசுவதில்லை.

கூரைக் கண்ணாடி

அதே 3க்கு 3. சாதாரணக் கண்ணாடியானால் உச்சி வெயிலில் அறைக்குள் இறங்கும் சூடு 600 வாட்டுக்குக் குறையாது. நடு அறையில் ஒரு இஸ்திரிப்பெட்டியைச் சொருகி மத்தியானம் முழுக்க விட்டுவைத்த மாதிரி. வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி போட்டால் பாதிக்கும் கீழே வரும், விலை ஏறும். கறுப்பு, நீலக் கண்ணாடியால் லாபமில்லை. அது வெளிச்சத்தைத்தான் முதலில் வெட்டும். அந்தச் சாயக் கண்ணாடியைச் சன்னலுக்குப் போட்டுவிட்டுப் பகலில் டியூப்லைட் எரிக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கின்றன.

ஒழுகல் இன்னொரு தலைவலி. தளத்தை வெட்டிய இடமும் கண்ணாடிச் சட்டமும் சேரும் மூட்டில், கட்டுமானம் தளத்துக்குமேல் அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். நண்பர் வீட்டில் அப்படி உயர்த்தாமல், தளத்தோடு தளமாக வைத்துச் சிலிகான் பூசிப் போனார்கள். இரண்டாவது ஐப்பசியில் வாளி வைக்க வேண்டி வந்தது. பாலிகார்பனேட் தகடு மலிவு, உடையாது. ஆனால் வெயிலில் சில வருடங்களில் மஞ்சளாகி மங்கிவிடும். தேங்காய் விழும், குரங்கு குதிக்கும் என்றால் கண்ணாடிதான் போடுவேன் என்று அடம் பிடிக்க வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் லேமினேட் செய்ததாக இருக்கட்டும், அது உடைந்தாலும் தலையில் கொட்டாது. அடியில் கம்பி வைப்பதைத் திருட்டுப் பயத்தில் யாரும் மறப்பதில்லை.

ஓட்டு வீடாக இருந்தால் இவ்வளவு பேச்சே வேண்டாம். இரண்டு கண்ணாடி ஓடு மாற்றினால் போதும், ஓட்டுக்கு ஓடு பொருந்திவிடும், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஒரு சதுர அடிக் கணக்கைப் பழைய ஆட்கள் கையளவிலேயே தெரிந்துவைத்திருந்தார்கள் போல, அடுப்படிக்கு ஒன்று, கூடத்துக்கு இரண்டு என்று. தகரக் கூரைக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. பிரேசிலில் ஆல்ஃபிரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002இல் கண்டுபிடித்தது: இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் பாசி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் பிளீச்சும் ஊற்றி, கூரையில் துளை போட்டுச் சொருகுவது. தண்ணீர் வெயிலை ஒடித்து நாலாபக்கமும் சிதறடிக்கும். பழைய 40, 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் வரும். பிலிப்பைன்ஸில் 2011இலிருந்து ஒரு இயக்கமாகவே இதைக் கொண்டுபோனார்கள். கான்கிரீட் தளத்துக்கு இது சரிப்படாது என்பதுதான் வருத்தம்.

முற்றத்தைத் திரும்பத் திறப்பது

மனசு இதில்தான் கிடக்கிறது, மறைப்பதற்கில்லை. வெளிச்சத்தோடு காற்றும் மழையும் வானமும் கிடைக்கும். மற்ற எந்த வழியும் இந்த நான்கையும் சேர்த்துத் தராது.

பழைய முற்றத்தில் நாம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வெயில் முற்றத்தின் தரையில்தான் விழும். சுற்றியிருக்கும் தாழ்வாரம் அதை அறைக்குள் வரவிடாது. தரையிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டுத் தெறித்த வெளிச்சம் மட்டும்தான் அறைக்கு வரும். வெயிலும் வெளிச்சமும் தாழ்வாரத்தில் பிரிந்துபோகின்றன. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுவரை மெருகேற்றியதைப் பணக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். தெறித்த வெளிச்சத்தை இன்னொரு கைமாற்றி உள்ளே அனுப்பும் வேலையையும் அந்தச் சுவர்கள் செய்கின்றன.

ஆனால் அந்த முற்றங்களின் அகலத்தையும் பார்க்க வேண்டும். சுவர் உயரத்துக்கு ஈடாகவோ அதற்கு மேலோ அகலம் இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும். இன்று இன்ஜினியர்கள் பிளானில் ஓ.டி.எஸ். (ஓப்பன் டு ஸ்கை, மேலே திறந்த இடம்) என்று போடும் 4க்கு 4 குழிக்கு அது கிடையாது. 10 அடிச் சுவரும் 3 அடிக் கைப்பிடிச் சுவரும் சேர்ந்தால் 13 அடிக் கிணறு. கோடையில் நண்பகல் ஒரு மணி நேரம் அடியில் வெயில் விழும், மற்ற நேரம் மங்கல். அதற்குமேல் மாடியும் எழும்பிவிட்டால் பாத்ரூம் நாற்றம் போகத்தான் அது உதவும். அடுக்குமாடிகளில் அந்த டக்டைப் பார்த்துச் சன்னல் வைத்து 'நேச்சுரல் லைட்' என்று விற்பதை நம்ப வேண்டாம். பகல் 3 மணிக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

எங்கள் பழைய முற்றம் 8க்கு 8. அதைத் திறந்தால் 168 சதுர அடி அறையில் 64 போய்விடும். அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், லீவுக்கு வரும் அக்கா குடும்பம். அப்பா சொன்ன காரணங்களில் மழையையும் பூனையையும் சமாளிக்கலாம், ஆள் கணக்கை என்ன செய்வது? வீட்டில் இருப்பவர்கள் குறைவு என்றால் யோசிக்கவே வேண்டாம், முற்றத்தைத் திறந்துவிடுங்கள். குறுகலான இடத்தில் இதைச் சாதித்தவர்களும் உண்டு. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு 33ஆவது ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒன்றாக்கி, இடையிடையே சின்னச் சின்ன முற்றங்களாகத் திறந்துவிட்ட வீடு அதற்கு நல்ல உதாரணம். நான்கு வீட்டை விலைக்கு வாங்க முடிந்தவர் அவர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

முற்றத்தைத் திறந்துவிட்டு மேலே கண்ணாடி போட்டு மூடுவது நடுவழி மாதிரித் தெரியும். திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். நாலு பக்கமும் அடைத்து மேலே கண்ணாடி. வெயில் உள்ளே வரும், சூடான காற்று வெளியே போக வழியில்லை. மத்தியானம் அங்கே வடகம் காயப்போடலாம். பிறகு கண்ணாடியை ஒன்றரை அடி தூக்கி, சுற்றிலும் கொசுவலை அடித்தார்கள். அதற்குப்பின் நிற்க முடிகிறது. மூடத்தான் வேண்டுமென்றால் முதலிலேயே அப்படித் தூக்கிக் கட்டுங்கள்.

ஒளிக்குழாய்

மொட்டைமாடியில் ஒரு கண்ணாடிக் குமிழ், அதிலிருந்து கீழே உள்பக்கம் ஆடிபோல் மினுங்கும் அலுமினியக் குழாய், அறைக் கூரையில் ஒரு பால்வெள்ளை மூடி. பார்த்தால் ரவுண்டு லைட் எரிவது போலவே இருக்கும். 10 அங்குலக் குழாய் என்றால் வாய் அரைச் சதுர அடிக்குச் சற்றுமேல். நல்ல வெயிலில் நாலைந்து பல்பு வெளிச்சம் வரும், உள்ளே வரும் சூடு 50 வாட்டைத் தாண்டாது. துளை சிறியது, அதனால் ஒழுகும் இடமும் சிறியது. கோர் கட்டிங் மெஷின் வைத்து ஒரே நாளில் வெட்டிவிடலாம். ஆனால் தளத்துக்குள் கம்பி அறுபடும். ஆகவே எங்கே வெட்டுவது என்பதை இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய மட்டப்பா, அதாவது தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை, இருந்தால் அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

இதற்குப் பெரிய பலம் ஒன்று இருக்கிறது. பின்னால் மாடி கட்டினாலும் குழாயை மேல்மாடி அறையின் ஒரு மூலை வழியாக நீட்டிக்கொண்டு போகலாம். கூரைக் கண்ணாடியோ மாடி கட்டிய அன்றே செத்துப்போகும்.

குறை என்னவென்றால், விலை. ஒரு அறைக்கு ஒரு குழாய் வைக்கும் காசில் வீடு முழுக்கப் பத்து வருடத்துக்கு எல்.இ.டி. எரிக்கலாம். காற்று வராது, வானம் தெரியாது, மழை வருகிறதா என்றுகூடத் தெரியாது. என்னைக் கேட்டால், வெளிச்சம் வருகிறது, ஆனால் பகல் வரவில்லை.

சுவரில் செய்யக்கூடியவை

முன்னறைச் சன்னலைப் பெரிதாக்கலாமே என்று அண்ணன் கேட்டார். சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்வரைதான் வெளிச்சம் உள்ளே உருப்படியாகப் போகும். லின்டல் 7 அடி என்றால் 17 அடி. எங்கள் நடு அறை தெருவிலிருந்து 18 அடியில்தான் ஆரம்பிக்கிறது. சன்னலை அகலமாக்கிப் பயனில்லை, உயர்த்தினால் கொஞ்சம் பயன் உண்டு. கிழக்கு வெயிலோ தாழ்வாக நேரே உள்ளே வரும், சன்ஷேடு தடுக்காது. அந்த யோசனை அத்தோடு முடிந்தது.

முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையிலுள்ள சுவரில் கண்ணாடிக் கல் பதிப்பது இரண்டாம் கை வெளிச்சம்தான், ஆனால் மலிவானது. ஒரு கல் 19 சென்டிமீட்டர் சதுரம், அதன் வழியாக ஆள் தெரியாது, வெளிச்சம் தெரியும். காற்றும் வேண்டுமென்றால் செங்கல் ஜாலி, அதாவது இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய சுவர். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் சன்னலுக்குப் பதில் சுவர் சுவராகவே ஜாலி வைத்திருக்கிறார். வெயில் சின்னச் சின்னத் துண்டாக உடைந்து, செங்கல் துவாரத்தின் பக்கங்களில் பட்டு மிருதுவாகி வரும். தூசி அடையும், பல்லி குடியிருக்கும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

வெள்ளையடிப்பது பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்குமேல் திருப்பித் தரும். எங்கள் நடு அறையின் காவி வண்ணச் சுவர் பாதிகூடத் தராது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இது அதோடு சேர வேண்டியது, தனி வழி இல்லை. எதிர்ச்சுவரில் பெரிய ஆடி மாட்டச் சொல்பவர்கள், இருட்டறையில் ஆடி இருட்டைத்தான் காட்டும் என்பதை யோசிப்பதில்லை.

நாங்கள் எதை எடுத்தோம்

கடைசியில் யோசனை கொடுத்தது எங்கள் பழைய அடுப்படிதான். விறகடுப்பு இருந்த காலத்துப் புகைக்கூண்டு இன்னும் அப்படியே இருக்கிறது. கூரையில் ஒரு துண்டை மட்டும் இரண்டடி தூக்கி, பக்கவாட்டில் ஓட்டை விட்டது. புகை போகும், மழை வராது. அதே மாதிரி ஒன்றை நடு அறைக்குமேல் கட்டி, ஒரு பக்கம் கண்ணாடி வைத்தால் அது வெளிச்சக் கூண்டு.

கொத்தனாரிடம் படம் போட்டுக் காட்டினேன். "தம்பி, இதென்ன புதுசா? புகைக்கூண்டுதான, கண்ணாடி போடச் சொல்றீங்க, அம்புட்டுதான" என்றார். அப்பா முற்றத்தின்மேல் போட்ட கான்கிரீட் தளம் தனித் துண்டு. அதில் 6க்கு 3 அடி வெட்டி, ஓரத்தில் உத்தரம் கொடுத்து, மேலே சின்னத் தளம். வடக்குப் பார்த்து ஒன்றரை அடி உயரத்தில் ஆறடி நீளத்துக்குக் கண்ணாடி. மொத்தம் 9 சதுர அடி. வடக்கு வானத்திலிருந்து வருவது நேர் வெயிலில் பத்தில் ஒரு பங்குதான் என்று வைத்தாலும், நமக்குத் தேவையான அந்த ஒரு சதுர அடி வெயில் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. ஓரடி சன்ஷேடு போட்டால் ஜூன் மாதத்தில்கூடக் காலை எட்டரையிலிருந்து மாலை நாலு மணிவரை நேர் வெயில் உள்ளே வராது. கண்ணாடியில் பாதியை லூவராக, அதாவது திறந்து மூடும் பட்டைகளாக, வைத்தால் கூரையடியில் தேங்கும் சூட்டுக்காற்றும் வெளியே போகும்.

குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும், நம் கண்ணாடி பார்ப்பதும் வடக்கு. அதனால் சன்ஷேடு ஓரடி போதாது, ஒன்றரை ஆக்கி இரண்டு பக்கமும் காது மாதிரிச் சின்னச் சுவர் வைக்கச் சொல்லியிருக்கிறார் இன்ஜினியர். வெளிச்சம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வடக்கு வீடு இப்போது ஓட்டு வீடு. அவர்கள் நாளைக்கு மாடி எழுப்பினால் பாதி வானம் போய்விடும். அதை யாரிடமும் கேட்க முடியாது. காற்றும் போதுமென்று சொல்ல மாட்டேன். வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா, எங்கள் மாதிரிப் புழுக்கமான ஊர்களுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. சின்ன மனைகளுக்கு அது கட்டாயமில்லை. அந்தக் கணக்கில் இந்த அறைக்கு மட்டும் 28 சதுர அடி ஆகிறது. நாங்கள் வைக்கும் லூவர் நாலரை சதுர அடி, அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மின்விசிறி ஓடத்தான் செய்யும்.

மேலே மாடி கட்டும் எண்ணம் இருந்திருந்தால் முணுமுணுத்துக்கொண்டே ஒளிக்குழாய்க்குப் போயிருப்பேன். எட்டடிக்கு எட்டடி இடத்தை விட்டுக்கொடுக்க முடிந்திருந்தால் முற்றம்தான், அதில் மறுபேச்சு இல்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் தளத்தை வெட்ட வேண்டாம், தை பிறக்கட்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். போன வாரம் முன்னறைச் சன்னலின் கொசுவலையைக் கழற்றிக் கழுவினேன். ஐந்து வருடத் தூசி. மாட்டியதும் முன்னறையே வேறு மாதிரி இருந்தது. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு இப்போதைக்கு அங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.